அத்திக்கடவுக்கு அறுபது வருசம்: ஒரே கட்சி ஆட்சியாக இருந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்குமா?

அவிநாசி பனியன்காரன்:
நேராகவே கேட்கிறேன். பவானி ஆற்றுத் தண்ணீரை எங்கள் பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டுவருகிற அத்திக்கடவு - அவிநாசி திட்டம் காமராசர் காலத்திலேயே பேசப்பட்டது. அடிக்கல் 2019-ல், திறப்பு 2024 ஆகஸ்டில். நடுவில் எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி! எங்கள் தாத்தா, அப்பா இரண்டு பேருமே இதை நம்பி ஓட்டுப் போட்டவர்கள். வியட்நாம் 1986-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது, இன்றைக்கு ஆயத்த ஆடை ஏற்றுமதியில் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே ஒரே கட்சி. சிங்கப்பூரிலும் 1959 முதல் ஒரே கட்சிதான் ஜெயிக்கிறது. ஒருத்தர் ஆரம்பித்ததை அடுத்து வருகிறவர் கிடப்பில் போடுகிற முறையால் நமக்கு என்ன கிடைத்தது? திட்டாமல் பதில் சொல்லுங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
அண்ணா, பனியன் ஏற்றுமதியை வைத்து ஆட்சிமுறையை அளக்காதீங்க. வங்கதேசமும் நம்மைத் தாண்டித்தான் போனது, அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் வருசக்கணக்காக அடித்துக்கொண்டு, கடையடைப்பும் கலவரமுமாகக் கிடந்தார்கள். 2001 முதல் அவர்கள் சரக்குக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரி கிடையாது. வியட்நாமுக்கும் 2020-ல் ஐரோப்பிய ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது. நாம் வரி கட்டித்தான் உள்ளே போனோம். பையர் பீஸுக்கு என்ன விலை, எப்போது டெலிவரி என்று பார்ப்பாரே தவிர, ஊரில் எத்தனை கட்சி என்று கேட்க மாட்டார்.

அவிநாசி பனியன்காரன்:
சரி, ஏற்றுமதியை விடுங்க. தண்ணீருக்குப் பதில் சொல்லுங்க.

சிங்கை காங்கயத்தான்:
அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். மக்களில் பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள், லிஃப்ட் ரிப்பேர் என்றால் யார் காலிலும் விழ வேண்டாம். 2024-ல் ஒரு முன்னாள் அமைச்சரையே பரிசுப் பொருள் வாங்கிய வழக்கில் 12 மாதம் உள்ளே அனுப்பினார்கள். நம் ஊரில் வழக்கு முடிவதற்குள் அவர் இரண்டு முறை மந்திரியாகிவிடுவார். ஓட்டுரிமை இங்கேயும் உண்டு, ஓட்டுப் போடுவது கட்டாயம் வேறு. 2020 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 61 சதவீதம் விழுந்தது. மக்களுக்குப் பிடித்துத்தானே போடுகிறார்கள்?

ஈரோட்டுப் பொண்ணு:
அந்த 61 சதவீதத்துக்கு 93-ல் 83 இடம் கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கண்ணா. பல பேர் ஒரே அணியாக நிற்கிற குழுத் தொகுதிகளை 1988-ல் கொண்டுவந்தார்கள். சின்னக் கட்சிக்கு அத்தனை ஆள் திரட்டுவதே பெரும்பாடு. அதற்காக நம் முறை நேர்மையானது என்று நான் சொல்லவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 44 சதவீதம் வாங்கிய கட்சிக்கு 39-ல் 37 இடம், 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. நியூசிலாந்திலும் இதே குறை இருந்தது, 1993-ல் பொதுவாக்கெடுப்பு வைத்து முறையையே மாற்றிக்கொண்டார்கள். ஜனநாயகத்துக்குள்ளேயே திருத்த வழி இருக்கும்போது அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஒரத்துப்பாளையம் தோட்டம்:
காங்கயத்து மாப்பிள்ளை ஒரு விசயத்தை விட்டுவிட்டார். அந்த அடுக்குமாடிகள் நிற்கிற நிலம் எப்படி வந்தது? 1966-ல் சட்டம் போட்டு, அரசு சொன்ன விலைக்கு எடுத்தார்கள். உயர்மின் கோபுரம் வருகிறது என்றதும் தோட்டத்துக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்து மறித்த ஊர் நம்முடையது. நம்மவர்களிடம் போய் அந்தச் சட்டத்தை நீட்டிப் பாருங்க.

அடுத்து நொய்யல், திருப்பூர் வழியாக ஓடிவருகிற எங்கள் ஆறு. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தது, ஆனால் சாயத்தண்ணீர்த் தொட்டியாகத்தான் ஆனது. எங்கள் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் வாய்க்காலில் நுரை கட்டிக்கொண்டு வரும், தண்ணீர் காய்ந்த இடத்தில் மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். தென்னை குரும்பையிலேயே கொட்டிப் போனது. மாடு வாய் வைக்காது. அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர்களுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், திருப்பூரின் டாலர்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தப் பாசனத்தை நம்பிய விவசாயிகள், வழக்குப் போட்டு, வருசக்கணக்காக நடையாய் நடந்து, கடைசியில் 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஏற்றுமதி முக்கியம் என்று கட்சி முடிவெடுத்துவிட்ட நாட்டில், அந்தக் கட்சி சொல்கிறபடி நடக்கிற நீதிமன்றத்தில், பத்து ஏக்கர்க்காரன் இப்படி ஓர் உத்தரவு வாங்க முடியுமா? ஆட்சிமுறையை நான் இதில்தான் உரசிப் பார்ப்பேன். எவ்வளவு வேகமாகக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது. தப்பு நடந்தால் நிறுத்த யாருக்கு வழி இருக்கிறது என்பதுதான் முதல்.

அவிநாசி பனியன்காரன்:
அண்ணா, அந்தத் தீர்ப்பு நாளில் வேலை போன சாயப்பட்டறைக்காரர்களையும் நினைத்துப் பாருங்க. கடைநிலைத் தொழிலாளி வீட்டில் அடுப்பெரியவில்லை. 1990-களிலேயே ஓர் உறுதியான அரசு சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டாயமாக்கியிருந்தால் உங்கள் கிணறும் தப்பியிருக்கும், அவர்கள் வேலையும் தப்பியிருக்கும். நான் கேட்பது அந்த உறுதியைத்தான்.

சிவன்மலை வாத்தியார்:
தம்பி, உறுதியான அரசு நல்லதைத்தான் உறுதியாகச் செய்யும் என்று யார் சொன்னது? சீனாவில் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு 1992-ல் அவர்கள் நாடாளுமன்றமான மக்கள் காங்கிரஸில் வாக்கெடுப்பு நடந்தது. எப்போதும் ஒருமனதாகக் கை தூக்குகிற சபையிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எதிர்த்தார்கள் அல்லது ஒதுங்கினார்கள். அப்படியும் கட்டினார்கள், 12 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போனார்கள். இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விடுவதற்கு 1992-ல் மக்களிடம் ஓட்டு கேட்டார்கள், பணம் எங்கிருந்து என்று 1998-ல் மறுபடியும் கேட்டார்கள், 2016-ல் 57 கிலோமீட்டர் சுரங்கத்தைத் திறந்தார்கள். கேட்டுச் செய்தாலும் வேலை நடக்கும்.

நம்மிடம் கேட்கிற பழக்கமே இல்லை, அதுதான் கோளாறு. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள், 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள், தேர்தலையும் தள்ளிவைத்தார்கள். அதற்கு டெல்லி சொன்ன பதில் என்ன? சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. விவசாயி கேட்டதற்குப் பதில் அதில் எங்கே இருக்கிறது?

அவிநாசி பனியன்காரன்:
வாத்தியாரே, நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கேட்காத ஜனநாயகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சிவன்மலை வாத்தியார்:
கீழே அதிகாரம் கொடுக்க வேண்டும் தம்பி. நீங்கள் மெச்சுகிற ஒரே கட்சி முறை இருக்கிற சீனாவிலேயே அரசுச் செலவில் 80 சதவீதத்துக்கு மேல் மாகாணங்களும் அதற்குக் கீழே உள்ள நிர்வாகங்களும்தான் செய்கின்றன. மேயருக்குக் கையில் காசு இருக்கிறது, அவரைக் கேள்வி கேட்கத்தான் ஊர்க்காரனுக்கு உரிமை இல்லை. நமக்கோ உரிமை ஏட்டில் இருக்கிறது, ஊராட்சித் தலைவர் கையில் காசு இல்லை. சில சமயம் தலைவரே இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை திருப்பூர், கோவை, ஈரோடு மாநகராட்சிகளில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான். 2025 சனவரியில் நம் ஊராட்சிகளும் அதே நிலைக்குப் போயின.

ஈரோட்டுப் பொண்ணு:
அந்த ஐந்து வருசமும் எங்கள் வார்டில் சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்றே தெரியாது. அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்.

அவிநாசி பனியன்காரன்:
உள்ளாட்சிக்குக் காசும் அதிகாரமும் வரட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பவானித் தண்ணீர் ஒரு ஊராட்சி முடிவு செய்கிற விசயமில்லை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பம்ப் செய்து மூன்று மாவட்டத்துக் குளங்களுக்கு விடுகிற வேலைக்கு மேலே ஒரு திடமான கை வேண்டும். அதில் நான் மாறவில்லை.

ஒரத்துப்பாளையம் தோட்டம்:
திடமான கை இருக்கட்டும் தம்பி. எந்தக் குளத்துக்கு எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கை அந்தக் கை ஊர் சாவடியில் எழுதி ஒட்டட்டும், கணக்கு இடித்தால் வழக்குப் போட எனக்கு உரிமை இருக்கட்டும். வியட்நாமில் இந்த இரண்டில் எது கிடைக்கும் என்று சொல்லுங்க, மேற்கொண்டு பேசலாம்.