வைரஸ் காய்ச்சலில் சிபிசி: லேபிலும் வார்டிலும் பார்த்தவை

லேப் டெக்னீஷியன்:
ஃப்ளூ, கொரோனா காய்ச்சலோடு வருபவர்களின் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் எல்லார் கண்ணும் சதவீதத்துக்குத்தான் போகிறது. கோட்டை விடுவதும் அங்கேதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 2,400, அதில் லிம்போசைட் என்ற வகை 35% என்று வந்தால் சதவீதம் நார்மல். பெருக்கிப் பாருங்கள், 840தான். பெரியவர்களுக்கு 1,000க்குக் கீழே போனால் குறைவு. இன்னொருவருக்கு மொத்தம் 9,000, லிம்போசைட் 15%. பக்கத்தில் 'குறைவு' என்று அச்சாகி வரும், ஆனால் எண்ணிக்கை 1,350. பயப்பட வேண்டியவர் முதலாமவர்.

இயோசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவையும் விடாதீர்கள். கொரோனாவின் முதல் நாட்களில் பலருக்கு அது பூஜ்யத்துக்கே இறங்கிவிடும். தேறத் தொடங்கும்போது மெல்ல எட்டிப் பார்க்கும், லிம்போசைட்டும் ஏறும்.

வார்டு டாக்டர்:
ஸ்டீராய்டு போட்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். 2020இல் பிரிட்டனில் நடந்த ரிக்கவரி என்ற மருந்து ஆய்வுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஆரம்பித்த மறுநாளே வெள்ளணு 14,000, நியூட்ரோபில் (பாக்டீரியாவோடு போராடும் வெள்ளணு) 85% என்று வரலாம். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்கள் கழன்று ஓட்டத்தில் கலக்கின்றன, அவ்வளவுதான். லிம்போசைட்டும் இயோசினோபிலும் மருந்தாலேயே குறையும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து ஆன்டிபயாடிக்கை ஏற்றுவது வீண் வேலை. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால், காய்ச்சல் இல்லை என்பதை வைத்தும் நிம்மதியாக இருக்க முடியாது. சளி நிறம் மாறுகிறதா, ஆக்சிஜன் தேவை திடீரென்று கூடுகிறதா, ஸ்லைடில் பேண்ட் செல்களும் (முதிராத நியூட்ரோபில்கள்) டாக்ஸிக் கிரானூல்களும் (கடும் தொற்றில் நியூட்ரோபிலுக்குள் தெரியும் கருமையான துகள்கள்) தெரிகின்றனவா என்று பாருங்கள். லேபுக்கு அனுப்பும் சீட்டில் ஸ்டீராய்டு தொடங்கிய தேதியை எழுதுங்கள். பாதிப் பேர் எழுதுவதில்லை.

ஸ்லைடு பார்ப்பவர்:
மெஷின் 'பிளாஸ்ட்?' (ரத்தப் புற்றுநோயில் தென்படும் முதிராத செல்) என்று கொடி காட்டினால் உடனே குடும்பத்தைக் கலங்கடிக்க வேண்டாம். லீஷ்மேன் சாயமிட்டுப் பாருங்கள். வைரஸால் தூண்டப்பட்ட லிம்போசைட் பெரிதாக இருக்கும், சைட்டோபிளாசம் தாராளமாக நீலம் பாய்ந்திருக்கும். பக்கத்துச் சிவப்பணுவைத் தொடும் இடத்தில் அதன் ஓரம் வளைந்து அணைத்துக்கொள்ளும், அங்கே நீலம் இன்னும் அடர்த்தி. பிளாஸ்ட்டில் சைட்டோபிளாசம் கொஞ்சம்தான், உட்கருவில் உள்ள குரோமாட்டின் மெல்லிசு. ஸ்மியரை (ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்த படலம்) ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். ஈடிடிஏவில் (டியூபில் ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து) வெகுநேரம் கிடந்த ரத்தத்தில் செல்களின் உருவமே மாறிவிடும், பிறகு எதையும் நம்ப முடியாது.

லேப் டெக்னீஷியன்:
பிளேட்லெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெங்கு பயத்தில் நம் ஊரில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஃப்ளூவிலும் கொரோனாவிலும் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை இறங்குவது சகஜம். ரத்தக்கசிவே இல்லாதவருக்கு மெஷின் திடீரென்று 60,000 காட்டினால் ஸ்மியரின் வால் பகுதியைப் பாருங்கள். பிளேட்லெட் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈடிடிஏ செய்யும் வேலை. ரத்தம் உறையாமல் வைக்கும் வேறொரு பொருளான சிட்ரேட் உள்ள நீல மூடி டியூபில் குறி வரை நிரப்பி மறுபடி ஓட்டி, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். குறிக்குக் கீழே நின்றால் சிட்ரேட் விகிதம் கெட்டு எண் தப்பாக வரும். சிலருக்கு சிட்ரேட்டிலும் ஒட்டும், அப்போது ஸ்லைடிலேயே மதிப்பிட வேண்டியதுதான்.

வார்டு டாக்டர்:
குணமாகும் வாரங்களில் அதே பிளேட்லெட் நாலரை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. பெரும்பாலும் தானே இறங்கும். ஆனால் பெரியவர்களுக்கு லிம்போசைட் 5,000க்கு மேல் மாதக்கணக்கில் நின்றால் வைரஸ் மேல் பழி போடாமல் ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களின் வகையைப் பிரித்துக் காட்டும் சோதனை) செய்ய அனுப்புங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் 60% என்றால் அது நார்மலே.