உங்கள் ஊர்ப் பையன்கள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள்? மனதில் நின்றதைச் சொல்லுங்கள்

டியூஷன்அண்ணன்:
ஒன்பதாம் வகுப்பு, பதினோரு பையன்கள். 'என் முன்மாதிரி' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பத்துப் பேர் அப்துல் கலாம். ராமேஸ்வரம், பேப்பர் போட்டது, 2015இல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தது, எல்லாம் வரிசை மாறாமல் ஒரே நோட்ஸிலிருந்து. ஒருவன் மட்டும், "எங்க மாமா. ஜேசிபி ஓட்டுறார். இருட்டுலயும் பைப்ல இடிக்காம தோண்டுவார்." அவ்வளவுதான். "இது கட்டுரையாடா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் ரப்பரை எடுத்து மாமாவை அழித்தான். மற்றதெல்லாம் பேனா, அந்த மூன்று வரி மட்டும் பென்சிலில் எழுதியிருந்தான்.

சேலத்துப்பந்து:
எங்கள் பக்கம் 2020 டிசம்பரில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்திய கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராகப் போன நடராஜன் ஆஸ்திரேலியாவில் ஆட இறங்கியதும், டென்னிஸ் பால் மேட்சில் எவனும் லென்த் பந்தே போடவில்லை, எல்லாம் அவரைப் போலக் காலடியில் விழும் யார்க்கர்தான். என் தம்பி போட்டது எல்லாம் ஃபுல்டாஸ், ஓவருக்கு இருபது ரன். கடுப்பில், "அவர் ஐபிஎல் ஜெர்சியில பேருக்கு முன்னால ஜேபின்னு இருக்கே, யாருடா அது?" என்றேன். தெரியவில்லை. சொந்த ஊர் சின்னப்பம்பட்டியிலேயே அவரைக் கண்டுபிடித்து, சென்னை லீக் ஆட அனுப்பிவைத்த ஜெயபிரகாஷ் என்று சொன்னேன். பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே நின்றான் (டென்னிஸ் பந்தைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது). அப்புறம், "நமக்கு யாருண்ணா ஜேபி?" என்றான்.
அடுத்த பாலைப் போடுடா என்று சொல்லிவிட்டேன்.

நேர்படப்பேசு:
டியூஷன் சார்! மாமா, சித்தப்பா என்று விட்டால் இப்படித்தான் முடியும். என் மச்சான் மகன் பக்கத்துத் தெரு ஃபைனான்ஸ்காரரைப் பார்த்து வெள்ளைச் சட்டை, கையில் காப்பு என்று ஆரம்பித்தான். இன்று அவருக்கே வட்டி வசூலுக்குப் போகிறான். ஆகவே பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது: பையன் யாருடைய நடையைக் காப்பியடிக்கிறான் என்று பாருங்கள். ராத்திரி போனைப் பிடுங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகம் கட்டாயம். முடிவெட்டக் கூடவே போங்கள், அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. முக்கியமாக, கலாமைப் பற்றி எழுதிய பத்துப் பேரைக் கிண்டல் செய்யாதீர்கள். மனப்பாடமாகவாவது நல்லவர் பெயர் உள்ளே போகட்டும். சேலத்துப்பந்தின் தம்பிக்கும் ஒன்று: முதலில் டிகிரி, அப்புறம் யார்க்கர்.

சேலத்துப்பந்து:
தம்பி டிகிரி முடிச்சுட்டான் சார். யோசனை யார் கேட்டாங்க?

டியூஷன்அண்ணன்:
நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. சொல்ல விட்டுப்போனது ஒன்று. போன வாரம் அந்த மாமாவே ஃபீஸ் கட்ட வந்தார், விரலெல்லாம் கிரீஸ். "பையன் எப்படி எழுதுறான் சார்?" என்றார். நோட்டைக் காட்டினேன். கறை படாமல் இருக்க, ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தார்.
"பரவால்லையே, கலாம் ஐயாவப் பத்தில்லாம் எழுதிருக்கான்" என்று சந்தோஷமாகக் கிளம்பினார்.