எங்கள் ஊர்க் குளத்தில் தூண்டிலுக்கு விதி வருகிறது: கிராம சபையில் என்ன எழுதிக் கொடுக்கலாம்?

கரைமேட்டுக்காரன் (அவிநாசி பக்கம்):

வணக்கமுங்க. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் பவானித் தண்ணீர் வருகிற 1,045 குளம் குட்டைகளில் எங்கள் ஊர்க் குளமும் ஒன்று. 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது. அதுக்கு முன்னால் பல வருசம் அது வெறும் சீமைக்கருவேலங்காடு. என் பையன் அதற்குள்தான் கிரிக்கெட் பழகினான். இப்போது மதகு ஓரம் ஆள் மூழ்கும் ஆழம் நிற்கிறது. மீனும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருப்பூரிலிருந்து பைக்கில் பத்திருபது பேர் ரீல் தூண்டிலோடு வந்துவிடுகிறார்கள். நானும் தூண்டில் போடுகிறவன்தான். அப்புச்சி கொடுத்த மூங்கில் கொம்பு இன்னும் சாளை வீட்டில் சொருகியிருக்கிறது. யாரையும் துரத்தச் சொல்லி இதை எழுதவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு வரைவு தயார் செய்திருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய். ஆனி, ஆடி இரண்டு மாதமும் தூண்டில் கூடாது. ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் வரைவு. கருத்து இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்.

என் மனதை அறுப்பது இந்த மூன்றிலும் இல்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் கோரைக்கு நடுவே, தண்ணீர் மேல் செம்மண் தூவின மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. கிட்டப் போனால் விரால் குஞ்சு. அத்தனையும் ஒன்றாக மேலே வந்து காற்று வாங்கும், இறங்கும், மறுபடி வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். ஒரு தம்பி தூண்டிலில் மாட்டின ரப்பர் தவளையைச் சரியாக அந்தத் திட்டு மேலேயே வீசினான். இரண்டாவது வீச்சில் பெரியது பாய்ந்து கவ்வியது. குஞ்சைத் தின்ன ஏதோ வருகிறது என்றுதான் பாய்ந்திருக்கும். ஒன்றே கால் கிலோ இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் மாட்டியது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஜிலேபிக் கெண்டைகள் சுற்றி நின்று கொத்திக் கொண்டிருந்தன, திட்டு உள்ளங்கை அகலம்தான் மிச்சம். மறுநாள் அதுவும் இல்லை.

அந்தத் தம்பி எந்த விதியையும் மீறவில்லை, நாளைக்கு இந்த வரைவே விதியானாலும் மீறியதாகாது. இதை எப்படி எழுதினால் நிற்கும்?

பரிசல் (பவானிசாகர்):

அண்ணா, நான் அணையில் வலை போடுகிறவன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துத்தான் இங்கேயும் இரண்டு மாதத் தடை என்று எழுதியிருப்பார்கள் போல. குளத்துக்கு அது பொருந்தாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நின்ற தண்ணீரில் முட்டை விடாது, அதற்கு ஆற்று வெள்ளம் வேண்டும். உங்கள் குளத்தில் இருப்பது பண்ணையில் ஊசி போட்டு முட்டையெடுத்து, குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதாகத்தான் இருக்கும். அதற்கு மாதத் தடையால் ஒரு பயனும் இல்லை. அரைக்கிலோவுக்குக் கீழே மாட்டினால் திருப்பி விட வேண்டும் என்று எழுதுங்கள், அது உதவும்.

விரால் அப்படியில்லை, குளத்திலேயே பெருகுகிற மீன். மழை எப்போதோ அப்போது குஞ்சு பொரிக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அந்த மாதத்தைத் திறந்து வைத்துவிட்டு ஆடியைப் பூட்டி என்ன செய்ய?

ஜிலேபிக்கு மட்டும் 3 கிலோ கணக்கு வேண்டாம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தது, குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும். எவ்வளவு பிடித்தாலும் நல்லது. அப்புறம், ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடவே கூடாது.

தக்கை (திருப்பூர்):

நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன். நானும் குஞ்சுத் திட்டு பார்த்து வீசியிருக்கிறேன். அங்கே போட்டால் கட்டாயம் கடிக்கும் என்று வீடியோவில் பார்த்துப் பழகினது. பின்னால் என்ன ஆகிறது என்று நின்று பார்த்ததில்லை. இனி வீச மாட்டேன், கூட வருகிறவர்களிடமும் சொல்கிறேன்.

200 ரூபாய் தரத் தயார். ரசீது வேண்டும், அந்தப் பணம் குளத்துக்கே செலவாக வேண்டும். இன்னும் ஒன்று சேருங்கள்: அறுந்த தூண்டில் நரம்பை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போன மாதம் உங்கள் குளத்திலேயே, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கியது. இறக்கையில் மூன்று சுற்று நரம்பு. இடுப்பளவு தண்ணீரில் போய் அறுத்து விட்டேன், பறந்துவிட்டது. அதே மரத்தில் இன்னும் நரம்பு தொங்குகிறது. தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கச் சொல்லுங்கள். குட்டி மீன் வாய் கிழியாமல் கழலும்.

பழைய பதிவேடு (கோபி):

தம்பி, ஊராட்சியில் இருபது வருசம் எழுத்து வேலை பார்த்தவள் சொல்கிறேன். முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை விட்டிருந்தால் குத்தகைக்காரருக்கும் உரிமை உண்டு. உங்கள் விதி அடுத்த ஏல நிபந்தனையில் ஏறினால்தான் பிடிமானம்.

சபையில் வாயால் பேசி விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மக்கள் தொகை 3,000 தாண்டி 10,000க்குள் உள்ள ஊர் என்றால் 200 பேர் வர வேண்டும், ஆளைக் கூட்டிப் போங்கள். தக்கைத் தம்பி அந்த ஊர் வாக்காளர் இல்லை, அவருக்குச் சபையில் ஓட்டில்லை. கடிதம் தரலாம், நீங்கள் அதை வாசிக்கலாம். வெடி, விஷம் பற்றித் தனியாகக் கெஞ்ச வேண்டாம். 1897 மீன்வளச் சட்டத்திலேயே அது குற்றம்.

கரைமேட்டுக்காரன்:

அக்கா, விசாரித்தேன். ஒன்றியக் குளம்தான், குத்தகை வருகிற பங்குனியோடு முடிகிறது. நேரம் இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன்:

“விரால் குஞ்சுத் திட்டு தெரியும் இடத்திலிருந்து முப்பது அடிக்குள் தூண்டில் வீசக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் விரால் மாட்டினால் அங்கேயே விட வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் அரைக்கிலோவுக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். ஜிலேபிக்கு எடை வரம்பு இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்ப விடக் கூடாது. எதிர்முள் நசுக்கிய முள் மட்டும். நரம்பைக் கரையில் போடக் கூடாது.”

ஆனி, ஆடித் தடையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறேன். குஞ்சுத் திட்டு எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் மதகுப் பக்கம் வைக்கிற பலகையில் படம் போட வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தக்கை, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கத்திரியோடு வாருங்கள். அந்த மரத்து நரம்பை அறுத்துவிடலாம். மரம் வரை போக ஒரு பரிசல் கொண்டுவர ஆள் சொல்லியிருக்கிறேன்.