இன்டர்லாக்கனுக்கு 10 டிப்ஸாம்! அந்த மூணாவது டிப்ஸை எழுதினது யாரு?

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
போன வாரம் நம்ம திருச்சி டிராவலர் இங்க ஒரு பட்டியல் போட்டாரு. சுவிட்சர்லாந்து இன்டர்லாக்கன் போறவங்களுக்குப் பத்து டிப்ஸ். இப்ப அது வாட்ஸப்ல சுத்தி எங்க சித்தப்பா போன் வரைக்கும் வந்துட்டு. மத்தது எப்படியும் போகட்டும். மூணாவதைப் படிச்சியளா? "யுங்ஃப்ராவ் மலைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க, இல்லன்னா ஏமாந்துதான் திரும்பணும்." இதை நம்பி எத்தனை பேரு காசைத் தொலைக்கப் போறாவளோ.

அந்த மலையில ரயில் போய் நிக்க இடம் யுங்ஃப்ராவ்யோக், 3454 மீட்டர் உசரம் வே. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு செவ்வாக்கிழமை அங்க மேகம் கெடக்குமா கெடக்காதான்னு அந்த மலைக்கே தெரியாது. காசைக் கட்டிட்டு மேல போய் ஸ்பிங்க்ஸ்ங்கிற பார்வை மாடத்துல நின்னா எதிர்ல வெள்ளைச் சுவர்தான். அங்க இருந்து பார்க்க வேண்டிய அலெட்ச் பனியாறு இருவது கிலோமீட்டருக்கு மேல நீளம். உமக்கு மாடத்துக் கம்பி கூடத் தெரியாது.

காலைல எந்திரி. மலை உச்சியைக் காட்டுத வெப்கேமைப் பாரு. மேல வெயிலடிச்சா டிக்கெட் எடு, இல்லன்னா வேற பக்கம் போ. இதுக்கு எதுக்கு ரெண்டு மாசம்?

திருச்சி_டிராவலர்:
வாங்க அண்ணாச்சி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஜெர்மனியில உக்காந்துக்கிட்டு சுவிட்சர்லாந்துக்குத் தீர்ப்பு சொல்றதுக்கு உங்களை விட்டா யாரு?

நாங்க ஆகஸ்ட்ல போனோம். மேல போற ரயில் ஏறுற ஐகர்கிளெட்சர் ஸ்டேஷன்ல சீட் கிடைக்காம குழந்தைகளோட அடுத்த வண்டிக்குக் காத்துக் கிடந்தவங்களை இந்தக் கண்ணால பார்த்தேன். நாங்க முன்னாடியே புக் பண்ணியிருந்தோம், நேரா ஏறிப் போயிட்டோம். பார்த்ததைத்தான் எழுதினேன். புக் பண்ணணும்னு இப்பவும் சொல்றேன், இனிமேலும் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:
மூணாவது டிப்ஸை விடுங்க, நாலாவதுதான் அபாயம். "ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தா எல்லா மலையும் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கார். யுங்ஃப்ராவ் பக்கம் அந்தப் பாஸ் கிரிண்டல்வால்ட், வெங்கன் ஊர்கள் வரைக்கும்தான் முழுசாச் செல்லும். அதுக்கு மேல 25 சதவீதம் தள்ளுபடி, அவ்வளவுதான். ஹாஃப் ஃபேர் கார்டு வெச்சிருந்தா அதே பாதைக்குப் பாதி விலை. ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல போகுது. நாலு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்க. அப்பா அம்மா டிராவல் பாஸ் எடுத்தா 6 முதல் 15 வயசு வரை பிள்ளைகளுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டுங்கிற பயண அட்டை உண்டு, கேட்டு வாங்கணும்.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
பிள்ளைவாள், உம்ம கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா மேகம் மூடின மலைக்குப் பாதி விலை குடுத்தாலும் தெண்டம்தானே? முதல்ல வெப்கேம். அப்புறம் கணக்கு.

மீனா_கோவை:
ஏனுங்க, நாங்க ஜூன்ல போறமுங்க. விசாவுக்கே புக்கிங் காட்டணும்னு ஏஜென்ட் சொல்றாரு. அண்ணாச்சி சொல்ற மாதிரி காலையில எந்திரிச்சுப் பார்த்துட்டுப் புக் பண்ணினா விசா எப்படிங்க குடுப்பாங்க?

திருச்சி_டிராவலர்:
பாத்தீங்களா! விசாவுக்கே புக்கிங் வேணும். நான் இதைத்தானே சொன்னேன்.

சும்மா_பார்த்தேன்:
ஒரு நிமிஷம். மூணு பேரும் மூணு விஷயத்தைப் பேசுறீங்க. விசாவுக்கு வேணும்கிறது ஹோட்டல் புக்கிங். டிராவலர் சொல்றது கோடையில மேல போற மலை ரயிலுக்கான சீட் ரிசர்வேஷன், அதுக்குக் காசு தனி. அண்ணாச்சி சொல்றது பயண டிக்கெட். முதல்ல இதைப் பிரிச்சுக்கிட்டு...

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
சும்மா பார்க்க வந்தவரு சும்மாவே பார்த்துட்டுப் போகலாம். புக்கிங்னா புக்கிங்தான் வே, முன்னாடியே காசு போயிடும்லா.

இன்னொண்ணு கேளுங்க. ஜன்னலைத் திறந்து பார்த்துட்டு "ஐயோ மேகம்"னு படுத்துக்கிடுதவனும் இருக்கான். இன்டர்லாக்கன் ரெண்டு ஏரிக்கு நடுவுல பள்ளத்துல கெடக்க ஊரு, இந்தப் பக்கம் தூன், அந்தப் பக்கம் பிரியன்ஸ். இலையுதிர் காலத்துல ஊரே மூட்டத்துல முங்கிக் கெடக்கும், மேல பளீர்னு வெயிலடிக்கும். மத்த நாள்ல கீழ வெயில் காயும், சிகரத்துல மேகம் குந்தியிருக்கும். அதனாலதான் சொல்லுதேன், ஜன்னலை நம்பாதே, வெப்கேமைப் பாரு.

பேர்ண்_பொடியன்:
அண்ணை சொல்லுறது சரிதான். ஆனா போன்ல தேடிக்கொண்டு நிக்கத் தேவையில்லை. இஞ்ச கன ஹோட்டல்களில ரீவியைப் போட்டால் ஒரு சனல்ல மலை உச்சி கமரா எல்லாம் மாறி மாறி ஓடும். பல்லு மினுக்கிக்கொண்டே பாக்கலாம்.

நான் இன்டர்லாக்கன்ல ஒரு ஹோட்டல் குசினியில வேலை செய்யிறன். எனக்கு அந்த எட்டாவது டிப்ஸ்தான் விசர். "கையோட சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போங்க, அறையிலயே சமைச்சுக்கலாம்" எண்டு எழுதினது ஆர்? போன கிழமை மூண்டாம் மாடியில ஆரோ சாம்பார் கொதிக்க வச்சு, ஆவி போய் நெருப்பு அலாரம் அடிச்சிட்டுது. ராவு பத்து மணிக்கு முழு ஹோட்டலும் றோட்டில நிண்டது. ஒரு ஜப்பான் கிழவி கால்ல சொக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு குளிருக்க நிண்டவ. ஃபயர் பிரிகேட் வந்த பில் அந்தக் குடும்பத்தின்ர தலையில.

திருச்சி_டிராவலர்:
சாம்பார் கொதிக்க வைங்கன்னு நான் எங்க எழுதினேன்? சாதம் மட்டும் வைக்கச் சொன்னேன். ஊறுகாய், பருப்புப் பொடி, தயிர் கடையில வாங்கிக்கலாம். ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் காசுல ஊர்ல ஒரு வார மளிகை வாங்கலாம். நடுத்தரக் குடும்பம் சுவிட்சர்லாந்து பார்க்கக் கூடாதா? நீங்க ஹோட்டல்ல வேலை பார்க்கிறீங்க, ஹோட்டல்காரனுக்குத்தான் பேசுவீங்க.

பேர்ண்_பொடியன்:
நான் ஆருக்குப் பேசுறன் எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை தம்பி. சமைக்க ஆசையெண்டால் குசினியோட இருக்கிற வீடா எடுங்கோ. பக்கத்து ஊருகள் லவுட்டர்புருன்னன்ல, வில்டர்ஸ்வில்ல நிறைய இருக்கு. கூப், மிக்ரோ எண்டு ரெண்டு கடை, அரிசியும் இருக்கு பருப்பும் இருக்கு. தண்ணிப் போத்தலும் காசு குடுத்து வாங்காதேங்கோ, பைப் தண்ணி நல்ல தண்ணி. தெருவில ஓடுற தொட்டித் தண்ணியும் குடிக்கலாம், குடிக்கக் கூடாதெண்டு போர்ட் போட்டிருந்தால் மட்டும் தொடாதேங்கோ.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
நான் ஸ்டுட்கார்ட்ல இருந்து கார்லயே போறவன். எங்க ஊரு தடிச்ச பிளக் சுவிஸ் சுவத்துல நுழையாது, தட்டையான ரெண்டு முள்ளு பிளக்குதான் நுழையும். இந்தியாவுல இருந்து மூணு முள்ளு பிளக்கோட குக்கர் தூக்கிட்டு வாறவரு அதை எங்க சொருகுவாராம்? அதையும் டிப்ஸ்ல எழுதலை. ஐரோப்பிய சிம் போட்டா சுவிட்சர்லாந்துலயும் ஓடும்னு ஆறாவதுல இருக்கு. அது ஐரோப்பிய ஒன்றியத்துல இல்லாத நாடு வே, ரோமிங் பிளான்ல சுவிட்சர்லாந்து பேரு இருக்கான்னு பார்த்து வாங்கணும். இல்லன்னா வெப்கேம் பார்த்த காசுக்கே வீட்டை விக்கணும்.

திருச்சி_டிராவலர்:
ஓ, அப்ப வெப்கேமுக்கும் செலவு உண்டு. குறிச்சுக்கிட்டேன்.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
ஹோட்டல் வைஃபைல பாரும் ஐயா!

கணக்குப்பிள்ளை:
கார்ல போறவர் சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் கட்டண ஸ்டிக்கர் எடுத்தாரா? ஒரு நாள் ஓட்டினாலும் வருஷக் கட்டணம்தான். அதையும் சொல்லணும்ல.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
எடுத்தாச்சு, ஒட்டியாச்சு. நான் திருட்டுத்தனமா போறவன் மாதிரி கேக்கீரு. முன்ன இங்க மூணாறு பயணத்தைப் பத்தின திரியில பெட்ரோல் கணக்கு கேட்டு மானத்தை வாங்கினது நீர்தானே? மறக்கலை.

கணக்குப்பிள்ளை:
கணக்கு கேட்டா மானம் போகும்னா அது கணக்கோட தப்பு இல்லீங்க.

மீனா_கோவை:
சண்டை போடாம சொல்லுங்க. மழை பேஞ்சா என்னங்க பண்றது? எங்க மாமியாருக்கு அறுபத்தெட்டு. அவ்வளவு உசரத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

பேர்ண்_பொடியன்:
அக்கா, நெஞ்சு வருத்தம், பிரஷர் இருந்தால் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு வாங்கோ. கேபிள் கார்ல கிரிண்டல்வால்ட்ல இருந்து ஐகர்கிளெட்சருக்குக் கால் மணித்தியாலத்தில போயிடலாம். பிறகு மலைக்குள்ளால ரயில். உடம்பு பழக நேரமில்லை. மேல இறங்கின உடன ஓடித் திரியாமல் மெதுவா நடக்கோணும், தண்ணி குடிக்கோணும், தலையிடி வந்தால் கீழ இறங்கோணும். ஜூலையிலயும் அங்க குளிர், ஜக்கெட் இல்லாமல் வராதேங்கோ.

மழையெண்டால் ட்ரும்மல்பாக் நீர்வீழ்ச்சிக்குப் போங்கோ. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூண்டு மலையின்ர பனித்தண்ணியும் பாறைக்குள்ளால நொடிக்கு 20,000 லீட்டர் வரைக்கும் இறங்கிற இடம். லிஃப்ட் இருக்கு, ஆனா படியும் இருக்கு, ஈரம், வழுக்கும். நாலு வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையளை விடமாட்டினம், குளிர்காலத்தில பூட்டு. இல்லாட்டி பிரியன்ஸ் ஏரியில கப்பல் ஏறி கீஸ்பாக் நீர்வீழ்ச்சிக்குப் போகலாம். கப்பலுக்கு டிராவல் பாஸ் செல்லும்.

ஒண்டு மறக்காதேங்கோ. இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷன்ல நிக்கிற ரயில் வழியில ஸ்வைலூட்ஷினன் எண்ட ஸ்டேஷன்ல ரெண்டாப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னன், மற்றப் பாதி கிரிண்டல்வால்ட். பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாத்து ஏறுங்கோ. ஒரு குடும்பத்தில தகப்பன் ஒரு பாதியிலயும் மனுசி மற்றப் பாதியிலயும் போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறன்.

திருச்சி_டிராவலர்:
அக்கா, இவ்வளவு பயமுறுத்தலும் தேவையில்லை. சீட்டை முன்னாடியே புக் பண்ணுங்க, நிம்மதியாப் போயிட்டு வாங்க. யுங்ஃப்ராவ்யோக் போற ரயிலை அடோல்ஃப் குயர் ஸெல்லர்ங்கிறவர் திட்டம் போட்டு 1896ல ஆரம்பிச்சு, 1912ல மேல வரைக்கும் ஓட விட்டாங்க. பாதியில அவர் செத்தே போயிட்டார், 1899ல. பதினாறு வருஷம் குடைஞ்ச சுரங்கம். அதைப் பார்க்க ரெண்டு மாசம் முன்னாடி திட்டம் போட்டா என்ன குறைஞ்சு போகுது?

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
குயர் ஸெல்லர் மலையைக் குடைஞ்சாரு சரி, மேகத்தை விலக்கினாரா? அவரு இருந்திருந்தா அவரும் வெப்கேம் பாத்துட்டுத்தான் கெளம்பியிருப்பாரு.

நீரு புக் பண்ணிப் போன அன்னிக்கு மேல என்ன தெரிஞ்சுது? அதைச் சொல்லும் முதல்ல. பட்டியல்ல போட்ட படம் எல்லாம் பனிக்குகை, சாக்லேட் கடை, இந்திய உணவகம். ஒண்ணுலயாவது பனியாறு இருக்கா?

திருச்சி_டிராவலர்:
படம் எடுக்கிறதும் எடுக்காததும் என் இஷ்டம்.

சும்மா_பார்த்தேன்:
மேகம்தான் போல.

திருச்சி_டிராவலர்:
இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்கும்னு தெரிஞ்சிருந்தா எழுதியே இருக்க மாட்டேன். இருந்தாலும் நிறுத்தப் போறதில்லை. அடுத்த வாரம் செர்மாட் ஊருக்கான பட்டியல் வருது. அதுலயும் மூணாவது டிப்ஸ் இதுதான்: முன்னாடியே புக் பண்ணுங்க.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
போடும், போடும். அங்க இருக்க மாட்டர்ஹார்ன் மாதிரி மேகம் புடிச்சு வெச்சுக்கிடுத மலை ஒண்ணு கெடையாது, அதுக்குப் போய் முன்கூட்டி புக்கிங்காம். செர்மாட் ஊருக்குள்ள கார்ல போகலாம்னு எழுதாம இருந்தாச் சரி. பக்கத்து ஊரு டேஷ்ல நிறுத்திட்டு ரயில்லதான் போகணும்.

திருச்சி_டிராவலர்:
செர்மாட்டுக்குள்ள டாக்ஸியே ஓடுதே அண்ணாச்சி. பார்த்ததில்லையா?

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:
அது மின்சார வண்டி வே! அதைக் காருன்னு சொல்லுவியளா?

கணக்குப்பிள்ளை:
நாலு சக்கரம், ஸ்டியரிங், ஓட்டுநர், கட்டணம். வேற என்னன்னு சொல்றதாம்?