புதுப்பிப்பு: சாப்லின் ஏரியின் சிவப்பு வளையம்

கனடாவின் சஸ்காட்சுவானில், சாப்லின் ஏரியைச் சுற்றி வளையமாக வளர்ந்திருந்த சிவப்புச் செடி பற்றிச் செப்டம்பரில் எழுதியிருந்தேன். தரையில் பூத்திருந்த வெள்ளையைச் சாப்பாட்டு உப்பு என்று சொல்லிவிட்டேன். தப்பு. அது பெரும்பாலும் சோடியம் சல்பேட் என்ற வேறொரு உப்பு. அதை எடுக்கும் ஆலையே அங்கே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை! வெளியேற வழியில்லாத பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஆவியாகி, உப்பு மிஞ்சுகிறது.

செடி, நம் ஊரில் உப்பு நிலத்தில் வளரும் உமரிக்கு உறவுதான், சாலிகோர்னியா ரூப்ரா. ஓராண்டுச் செடி. வசந்தத்தில் பனி உருகி உப்பு நீர்க்கும்போது முளைத்து, இலையுதிர்காலத்தில் சிவக்கிறது.

வளையம் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். உப்பு மிகுந்த நடுப்பகுதி வெறும் தரை. அதையடுத்து இந்த உமரி. கொஞ்சம் மேட்டில் ‘நட்டால் உப்புப்புல்’ (Nuttall) என்ற புல்லும் டிஸ்டிக்ளிஸ் என்ற புல்லும். டிஸ்டிக்ளிஸ் இலையைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். உள்ளே போன உப்பைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் நரிவால் பார்லி, பார்க்க அழகு, மாட்டின் வாயைக் குத்தும். ஒரு சாண் உயரம் மாறினாலே செடியும் மாறிவிடுகிறது. மழை அதிகமான வருடங்களில் இந்த எல்லைகளும் நகரும். அதனால் இந்த வளையங்களைக் காட்ட நான் வரைந்த படத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.