சாமான் லிப்ட் பாரத்தோட இறங்கேக்க டிரைவ் ட்ரிப் ஆகுது: டிரைவையே மாத்தவேணுமா?

களஞ்சியம்_புறக்கோட்டை:
வணக்கம். சீனி, பருப்பு மூட்டை ஏத்தி இறக்குற லிப்ட், எதிர்ப்பாரம் இல்லாத டிரம் வகை. 7.5 கிலோவாட் மோட்டர், 400 வோல்ற் மூண்டு பேஸ் டிரைவ் (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி). மேல ஏறேக்க பிரச்சினை இல்லை, வெறுமையா இறங்கினாலும் சரி. மூட்டையோட இறங்கினா பாதி வழியில ‘ஓவர் வோல்ற்றேஜ்’ காட்டி நிண்டுடும், பிரேக் அடிச்சு விழும். டிரைவ் பெட்டிக்கு மேல கம்பிவலைக்குள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கு. முந்தி கை வைக்கேலாத சூடு, இப்ப சூடே ஏறுறதில்லை. பாக்க வந்தவர் டிரைவை மாத்தச் சொல்றார்.

வத்தளை_வயர்மன்:
டிசெல் நேரத்தை, அதாவது மோட்டர் வேகம் குறைஞ்சு நிக்க எடுக்கிற நேரத்தை, டிரைவில கூட்டிப் பாருங்கோ. மில் மோட்டருக்கு நான் அப்பிடித்தான் செய்தனான், சரியாச்சு.

கிரேன்_வேலை:
மில்லுக்கு அது சரி அண்ணை. சுத்துற சில்லை மெதுவா நிப்பாட்டினா காணும். லிப்ட்டில பாரம் இறங்குற நேரம் முழுக்க மோட்டரை இழுத்துச் சுத்திக்கொண்டே இருக்கும், அப்ப அது ஜெனரேட்டர். டிசெல்லைக் கூட்டி அதை நிப்பாட்டேலாது.

தம்பி, வாற கரண்ட் டிரைவின்ர டீசீ பக்கத்துக்குப் போகுது. மெயின்ஸ் பக்கம் இருக்கிறது டயோட், திருப்பி வெளிய விடாது. சாதாரணமா 565 வோல்ற் அளவில நிக்கிற டீசீ கப்பாசிற்றரில குவிஞ்சு ஏறும், 800 கிட்ட டிரைவ் தன்னைக் காப்பாத்த நிண்டுடும். அதுக்கு முன்னமே உள்ள இருக்கிற ட்ரான்சிஸ்டர் ஒன் ஆகி, மிஞ்சினதை ரெசிஸ்டரில சூடாக்கி விடவேணும். சூடு ஏறேல்லை எண்டா ரெசிஸ்டரோ வயரோ அறுந்திருக்கு, இல்லாட்டி ட்ரான்சிஸ்டர் போயிட்டுது. முதல் ரெசிஸ்டரை அளவுங்கோ.

கவனம்: லிப்ட்டை வெறுமையாக் கீழ விட்டு மெயின்ஸை நிப்பாட்டி, மனுவலில உள்ள நேரம் பொறுத்து, டீசீ இறங்கிட்டுதா எண்டு மீற்றரால பாத்த பிறகுதான் கை வைக்கவேணும். அந்த ரெசிஸ்டர் வயரிலயே ஆளைக் கொல்லுற வோல்ற்றேஜ் நிக்கும்.

களஞ்சியம்_புறக்கோட்டை:
தகட்டில 75 ஓம், 780 வாட். மீற்றர் ஓப்பின் காட்டுது. முனையில கறள் பிடிச்சுக் கம்பி அறுந்திருக்கு. கடையில 40 ஓம்தான் இருக்காம், போடலாமா?

கிரேன்_வேலை:
போடாதேங்கோ. 750 வோல்ற்றில 75 ஓம் எடுக்கிறது 10 அம்பியர், 40 ஓம் எடுக்கிறது கிட்டத்தட்ட 19. ட்ரான்சிஸ்டர் தாங்காது, பிறகு உண்மையாவே டிரைவ் மாத்தவேண்டி வரும். எவ்வளவு ஓமுக்குக் கீழ போகக்கூடாது எண்டு மனுவலில இருக்கும். வாட் கூடினா நல்லது: அந்தப் பத்து அம்பியர் ஓடுற நேரம் 7500 வாட், 780 எண்டது சராசரிக்குத்தான். நாள் முழுக்க மூட்டை இறக்குற இடமெண்டா 75 ஓமிலயே 1500 வாட் எடுங்கோ.

வத்தளை_வயர்மன்:
விளங்குது. டீசல் ரயில் இன்ஜின் பள்ளத்தில இறங்கேக்க கூரையில உள்ள ரெசிஸ்டர் கிரிட்டில சூடாக்கி விடுறதும் இதுதானே?

கிரேன்_வேலை:
அதேதான். அங்க காத்தடிக்க பெரிய விசிறியும் இருக்கும். தம்பி, புதுசு பூட்டேக்க தேர்மல் சுவிட்ச் (சூடு மிஞ்சினா தானா வெட்டுறது) உள்ளதா வாங்கி, அதை மெயின் கொண்டாக்டர் (டிரைவுக்கு மெயின்ஸைக் குடுத்து வெட்டுற சுவிட்ச்) கொயிலோட தொடுத்து விடுங்கோ. ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனா லிப்ட் சும்மா நிக்கேக்கயே 4200 வாட் ஓடும், டிரைவால அதை நிப்பாட்டேலாது, மெயின்ஸ் வெட்டுப்படவேணும். சாக்கு அடுக்கிற பக்கத்தில பூட்டாதேங்கோ.