சிவில் பொறியியலிலிருந்து ஏரோஸ்பேஸ் முதுநிலைக்கு: விண்ணப்பத்தில் எதை முன்வைப்பது?

கேள்வி (சிவில் பட்டதாரி)

வணக்கம். நான் சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாக உயரமான கட்டடங்களின் கட்டமைப்பு வடிவமைப்பில் பணியாற்றி வருகிறேன். காற்றுச் சுமையால் ஒரு கோபுரம் எவ்வாறு அசையும் என்று கணக்கிடும் வேலை கைக்கு வந்த பிறகுதான், நான் அன்றாடம் பயன்படுத்தும் கணிதத்தில் பெரும்பகுதி விமான இறக்கைக்கும் பொருந்தும் என்பது புரிந்தது. அந்த ஆர்வம் இப்போது ஏரோஸ்பேஸ் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முடிவில் வந்து நிற்கிறது.

என் மதிப்பெண் பட்டியலில் கட்டமைப்புப் பகுப்பாய்வு, அதிர்வியல், ஃபைனைட் எலிமென்ட் முறை (கட்டமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஆகியவை நல்ல மதிப்பெண்களுடன் உள்ளன. பாய்ம இயக்கவியல் என்று ஒரு தாள் உண்டு. ஆனால் அது குழாயிலும் கால்வாயிலும் ஓடும் நீரைத் தாண்டவில்லை. வெப்ப இயக்கவியலை நான் படித்ததே இல்லை. இந்தக் குறைகளோடு விண்ணப்பித்தால் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்களா? இரண்டாவதாக ஓர் இளநிலைப் பட்டம் பெற வேண்டியிருக்குமா? சிறுவயதிலிருந்தே விண்கலங்கள் மீது எனக்கு இருக்கும் ஈடுபாட்டை நோக்க அறிக்கையில் விரிவாக எழுதலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (ஏரோஎலாஸ்டிசிட்டி ஆய்வாளர்)

நானும் சிவில் படித்து இந்தப் பக்கம் வந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டாவது இளநிலைப் பட்டம் தேவையில்லை. ஏரோஸ்பேஸ் என்பது ஒற்றைப் பாடம் அன்று. காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துவிசை, கட்டுப்பாடு, சுற்றுப்பாதை இயக்கவியல் என்று பல துறைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நீங்கள் அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழையப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் கேள்வியில் அது மட்டும்தான் தெளிவாக இல்லை.

உங்களுக்குரிய வாசல் கட்டமைப்பும், காற்றின் விசையும் கட்டமைப்பின் நெகிழ்வும் ஒன்றையொன்று பாதிப்பதை ஆராயும் ஏரோஎலாஸ்டிசிட்டியும். அங்கே நீங்கள் அந்நியர் அல்லர். ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு வழிகோலிய 1956ஆம் ஆண்டுக் கட்டுரை விமான இறக்கைகளின் விறைப்பைக் கணக்கிட எழுதப்பட்டது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான ரே கிளஃப், பெர்க்லியில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். எல்லைப்படலக் கருத்தை (பரப்பை ஒட்டி ஓடும் பாய்மத்தின் மெல்லிய படலம் பற்றியது) 1904இல் முன்வைத்த லுட்விக் பிராண்டல்கூட, தம் முனைவர் ஆய்வை விட்டங்களின் பக்கவாட்டு பக்ளிங் (சுமையால் நெளிந்து வளைதல்) குறித்தே செய்தார். அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலம் 1940 நவம்பர் 7 அன்று விழுந்தபோது, காரணத்தை ஆராய்ந்த குழுவில் காற்றியக்கவியல் அறிஞர் தியோடர் வான் கார்மானும் இருந்தார். (ஒரு சிறு எச்சரிக்கை: அந்தப் பாலத்தைப் பற்றி எழுதினால், வெளிக்காற்றின் துடிப்போடு ஏற்பட்ட எளிய ஒத்ததிர்வு என்று எழுதிவிடாதீர்கள். அது பாலத்தின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சித் தன்னைத் தானே பெருக்கிக்கொண்ட முறுக்கு ஃபிளட்டர். இந்தத் துறையில் இருப்பவர் அந்த வரியில்தான் முதலில் கண்வைப்பார்.)

ஆனால் ஒற்றுமையை மட்டும் பேசும் விண்ணப்பம் மேலோட்டமாகத் தெரியும்; வேறுபாடும் உங்களுக்குத் தெரியும் என்று காட்டுங்கள். கட்டடத்தில் எடை பல வேளைகளில் நமக்குத் துணை நிற்கும்; விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பறக்கும்போது எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமைக்கு மேல் வழக்கமாக 1.5 மடங்கு பாதுகாப்புக் காரணியோடு வடிவமைப்பு நின்றுவிடும். உடற்பகுதியின் மெல்லிய தோல் சில இடங்களில் நெளியவும் அனுமதிக்கப்படுகிறது, ஏனெனில் நெளிந்த பிறகும் அது விறைப்பிகளோடு (தோலை உள்ளிருந்து தாங்கும் சட்டங்கள்) சேர்ந்து சுமையைத் தாங்கும். மெல்லிய சுவர் கொண்ட மூடிய வெட்டுமுகங்களில் ஷியர் ஃப்ளோவை (சுவர் நெடுகப் பரவும் வெட்டுவிசை) கணக்கிடுவது சிவில் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் ஓரமாகவே வரும். அதை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

பதில் 2 (விண்ணப்பங்களை வாசித்த அனுபவமுள்ளவர்)

சில ஆண்டுகள் தேர்வுக்குழுவில் இருந்தவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். பட்டத்தின் பெயரைப் பார்த்து நான் யாரையும் ஒதுக்கியதில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலில் வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், இயக்கவியல் ஆகியவற்றில் தடுமாறியவர் வேறு துறையிலிருந்தும் வருகிறார் என்றால், முதல் பருவத்திலேயே திணறுவார் என்ற அச்சம் எனக்கு எழுந்ததுண்டு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. வெப்ப இயக்கவியல் இல்லாததுதான் உண்மையான ஓட்டை. அதை மறைக்க முயலாமல், இன்ன பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், இன்ன மாதத்தில் முடிப்பேன் என்று இரண்டே வரிகளில் எழுதிவிடுங்கள். மதிப்பெண்ணோடு முடித்த ஒரு பாடம், சான்றிதழ் மட்டும் தரும் ஐந்து இணையவழிப் பாடங்களைவிட எடை கூடியது.

சிறுவயதில் வானத்தைப் பார்த்த கதையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரே பிற்பகலில் அப்படித் தொடங்கும் பன்னிரண்டு அறிக்கைகளை வாசித்தவனின் வேண்டுகோள் இது. உங்கள் கேள்வியின் முதல் பத்தியில் உள்ள கோபுரம் அதைவிட நூறு மடங்கு நல்ல தொடக்கம், ஏனெனில் அது வேறு யாரிடமும் இல்லை. பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று மேலாளரிடமிருந்து வரலாம். ஆனால் உங்கள் கணிதத் திறனை அறிந்த பேராசிரியர் ஒருவராவது எழுத வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில துறைகள் இளநிலைப் பாடங்கள் இரண்டு மூன்றைக் கூடுதலாக முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் தரும். அந்தப் பாடங்கள் முதுநிலைப் பட்டத்துக்கான கணக்கில் சேராமல் போகலாம்; அப்படியானால் ஒரு பருவமும் அதற்கான கட்டணமும் கூடும். இடம் கிடைத்த பிறகு அதிர்ச்சியடைவதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே துறை அலுவலகத்துக்கு மதிப்பெண் பட்டியலை அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

பதில் 3 (மின்னணுவியலிலிருந்து வழிநடத்தல் துறைக்கு வந்தவர்)

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் மாற்றுக்கருத்து உண்டு. பட்டத்தில் ஏரோஸ்பேஸ் என்ற சொல் இருந்தே ஆக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மின்பொறியாளரான ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி (பிழையுள்ள அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கணித முறை), அப்பல்லோ விண்கலங்களின் வழிநடத்தலுக்குப் பயன்பட்டது. அவர் அதற்காகத் துறை மாறவில்லை. இயந்திரவியல் அல்லது சிவில் துறையிலேயே காற்றுச் சுரங்கத்தோடு ஃபிளட்டர் ஆய்வு செய்யும் குழு இருந்தால், குறைகளை விளக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது. வேலைவாய்ப்பையும் எண்ணிப் பாருங்கள்: ராணுவத் தொடர்புடைய விமான, விண்வெளிப் பணிகளுக்குப் பல நாடுகள் தம் குடிமக்களை மட்டுமே எடுக்கும். அயல்நாட்டில் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கோபுரத்தோடு தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஐந்து மாதங்கள் உள்ளன. வெப்ப இயக்கவியலை விட்டுவிட்டு நேரடியாக வாயு இயக்கவியலுக்குப் (அடர்த்தி மாறும் அதிவேக வாயு ஓட்டம் பற்றிய பாடம்) போகலாமா? அதோடு, ஆர்வத்தைச் சொல்லால் அன்றிச் செயலால் காட்ட ஒரு சிறு வேலை செய்ய விரும்புகிறேன், எதைச் செய்யலாம்?

பதில் 1 (ஏரோஎலாஸ்டிசிட்டி ஆய்வாளர்)

தாவ வேண்டாம். மாக் 0.3 (ஒலியின் வேகத்தில் 0.3 மடங்கு) வரை காற்றின் அடர்த்தி மாற்றம் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள் இருப்பதால் நீங்கள் படித்த பாய்ம இயக்கவியலே ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் என்ட்ரோபி (ஆற்றல் மீட்க முடியாதபடி சிதறுவதன் அளவு) புரியாமல் அதிர்ச்சி அலையின் ஒரு சமன்பாட்டைக்கூடப் பொருளறிந்து எழுத முடியாது. முதல் இரண்டு மாதங்களை வெப்ப இயக்கவியலுக்கு ஒதுக்குங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பெரிய மென்பொருளில் வண்ணப் படங்கள் வரைந்து அனுப்பாதீர்கள். இரண்டு சுருள்வில்களில் தொங்கும் ஓர் இறக்கைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலும் கீழும் அசையும், முறுக்கியும் திரும்பும். காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம் ஒரு ரேடியன் கூடினால் தூக்குக் குணகம் (தூக்குவிசையைக் குறிக்கும் எண்) 2π கூடும் என்ற மெல்லிறக்கைக் கோட்பாட்டைக்கொண்டு காற்றின் விசையைச் சேர்த்து, வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, இரு அதிர்வெண்களும் ஒன்றையொன்று நெருங்கி எந்த வேகத்தில் ஃபிளட்டர் தொடங்குகிறது என்பதை நீங்களே எழுதிய நிரலில் கண்டுபிடியுங்கள். பிறகு நிறை மையத்தை முன்னோக்கி நகர்த்தி, அந்த வேகம் உயர்கிறதா என்று பாருங்கள். உயராவிட்டால் நிரலில் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது. எனக்கு முதன்முறை அப்படித்தான் ஆயிற்று, ஒரு வாரம் தேடினேன். முடிந்ததும் நிரலையும் இரண்டு பக்கக் குறிப்பையும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.